கசௌலிக்குப் புறப்பட்டோம்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

   

 இவ்விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்தைப் பற்றி ஏதேனும் சொல்லலாம் என்று எண்ணியிருந்தேன். அவரோ, "இலக்கியம் பேசப் பலர் இருக்கிறார்கள். நீங்கள் நால்வரும் மோட்டார் சைக்கிளில் மலைக்குப் போய் வந்த கதையைச் சொல்லுங்கள். நம் காலனிப் பிள்ளைகள் ஆறு பேர் வருகிற ஜூன் மாதம் அதே வழியில் போகத் துடிக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள் உறக்கமின்றி இருக்கிறார்கள். இரு சாராரும் கேட்கட்டும்" என்றார். ஆகவே எந்தச் சாராரையும் முழுவதும் மகிழ்விக்க இயலாத நிலையில் உங்கள்முன் நிற்கிறேன். வஞ்சிக் காண்டத்தையும் முற்றிலும் விட்டுவிட மனமில்லை. கண்ணகிக்குச் சிலை வடிக்க இமயத்துக் கல்லைக் கொணரப் புறப்பட்ட சேரன் செங்குட்டுவன் படை, யானை, நாள், நிமித்தம் அனைத்தும் பார்த்துப் புறப்பட்டான். நாங்கள் பார்த்தது பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்றைத்தான்.

2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள், வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை. வழக்கம்போல் காலனி வண்டிகளெல்லாம் குளித்துச் சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொண்டு வரிசையாக நின்றன. மறுநாள் விஜயதசமி, அடுத்து ஞாயிறு, திங்கள் காந்தி ஜயந்தி. சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது, "பூஜை போட்ட வண்டியை விஜயதசமியன்று சும்மா நிறுத்தி வைப்பதா? கசௌலி வரை போய்விட்டுப் பகல் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்" என்றேன். எங்கள் பயணத் திட்டம் முழுவதும் அந்த ஒரு வாக்கியந்தான். நம் சண்டிகரிலிருந்து கசௌலி 60 கிலோமீட்டர் இருக்கலாம். அதற்கு மேல் என்ன திட்டம் வேண்டும்?

சென்றவர் நால்வர். முதலாமவர் அடுத்த வீட்டுப் பஞ்சாபி நண்பர். படையில் வாகன ஓட்டியாக இருந்து ஓய்வு பெற்றவர். காலனி முழுவதும் அவரைப் 'பாஜி' என்றே அழைக்கும். அவருக்குப் பின் இருக்கையில் கும்பகோணத்துக் கல்லூரி ஆசிரியர். மூன்றாமவர் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்த திருநெல்வேலி இளைஞர், வயது 24. இங்கே மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய அனுமதி பெற்றே இக்கதையைச் சொல்கிறேன். நான்காமவன் நான்.

எங்கள் மூன்று வண்டிகளுள் இரண்டு புல்லட்டுகள். அவை நம் திருவொற்றியூரில் பிறந்தவை என்பதை இவ்விடத்தில் சற்றுப் பெருமையோடு சொல்லத்தான் வேண்டும். எல்லைப் பகுதிகளில் சுற்றி வர நம் படைக்கு ஒரு வலிய வண்டி தேவைப்பட்டது. அதன் விளைவாகவே 1955-இல் 'மெட்ராஸ் மோட்டார்ஸ்' நிறுவனம் இங்கிலாந்துக் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து சென்னையில் அத்தொழிலைத் தொடங்கிற்று. தாய்க் கம்பெனி 1970-ஐ ஒட்டி அங்கே மூடப்பட்டுவிட்டது; திருவொற்றியூரில் அதன் பிறகும் உற்பத்தி தொடர்ந்தது. எல்லாம் துறந்த பட்டினத்தார் வந்து அடங்கிய ஊரிலிருந்து, ஊர் சுற்றுவதற்கென்றே ஒரு வண்டி உலகெங்கும் போனது வேடிக்கைதான்.

தரம்பூரில் கசௌலிச் சாலை பிரிகிறது. அங்கே விடுமுறைக் கூட்டத்தின் கார்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஒரு கடையில் தேநீர் அருந்தினோம். கல்கா-சிம்லா ரயில் குழந்தைகளின் கையசைப்போடு மேலே ஊர்ந்து சென்றது. 1903-இல் திறந்த பாதை; 96 கிலோமீட்டருக்குள் நூற்றுக்கு மேற்பட்ட குகைகள். நம் உதகை ரயில் பற்சக்கரத்தைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. இது வளைந்து வளைந்தே ஏறிவிடுகிறது. உலகப் பாரம்பரியச் சிறப்பு அதற்கு 2005-இலும் இதற்கு 2008-இலும் கிடைத்தது. அந்த ரயிலைப் பார்த்துக்கொண்டே ஆசிரியர், "அது போகிற இடத்துக்கு நாம் போனால் என்ன?" என்றார். அவ்வளவுதான். கசௌலியை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

சிம்லாவில் தங்க இடமில்லை. "அடுத்த ஊரில் கிடைக்கும்" என்றார் ஒருவர். அடுத்த ஊர் என்று அவர் சொன்னது இன்னும் 60 கிலோமீட்டருக்கு மேலுள்ள நார்கண்டா. தேவதாருக்களின் நடுவே இருட்டிய பின், மெல்லிய சட்டையோடு, 2,700 மீட்டர் உயரத்தில் நடுங்கிக்கொண்டு போய் இறங்கினோம். கடைத்தெருவில் நான்கு கம்பளிச் சட்டைகள் வாங்கினோம். வீட்டுக்குத் தொலைபேசியில் பேசியபோது, "பகல் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொன்னீர்களே, இட்லிக்கு வேறு அரைத்து வைத்திருக்கிறேன்" என்றாள் என் மனைவி. "காலையில் புறப்பட்டு விடுகிறோம்" என்றேன். புறப்படத்தான் செய்தோம், எதிர்த் திசையில்.

நார்கண்டாவிலிருந்து சட்லெஜ் ஆற்றங்கரைக்குச் சாலை இறங்குகிறது. ராம்பூர் சுமார் 1,000 மீட்டர் உயரந்தான். அத்தனை இறக்கத்திலும் நான் பிரேக்கை மிதித்துக்கொண்டே சென்றேன். பாதி வழியில் கருகும் வாடை வந்தது, பிரேக்கும் தளர்ந்துவிட்டது. பாஜி என்னை நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிட்டு, எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்று கற்பித்தார். 15 ஆண்டுகள் வண்டி ஓட்டியவன் என்ற என் செருக்கு அந்த வளைவில் இறங்கிற்று.

இப்பகுதிச் சரிவுகளெல்லாம் ஆப்பிள் தோட்டங்கள். 1904-இல் இந்தியாவுக்கு வந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் நார்கண்டாவுக்கு அருகிலுள்ள கோட்கரில் குடியேறி, தம் நாட்டிலிருந்து கன்றுகளை வருவித்து நட்டார். காங்கிரஸ் இயக்கத்தில் சேர்ந்து 1921-இல் சிறை சென்றார். பின்னர் சத்தியானந்தர் என்று பெயர் மாற்றிக்கொண்டார். நம் சந்தைக்கு வரும் சிம்லா ஆப்பிளின் வரலாற்றில் பாதி அவருடைய வாழ்க்கை வரலாறு. கோட்கர்ப் பக்கம் அறுவடை முடியும் வேளையில் உயரமான கின்னௌரில் தொடங்கும். ஆகவே எங்களுக்கு எதிரே ஆப்பிள் லாரிகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தன.

நாங்கள் போன வழி டல்ஹௌசி பிரபுவின் காலத்தில், 1850-இல், தொடங்கிய இந்துஸ்தான்-திபெத் சாலையின் இன்றைய வழித்தோன்றல். ராம்பூரைத் தாண்டிக் கின்னௌருக்குள் நுழைந்ததும் அதன் தன்மை மாறிவிடுகிறது. செங்குத்தான பாறையின் இடுப்பைக் குடைந்து சாலை போட்டிருக்கிறார்கள். தலைக்கு மேல் பாறை கூரைபோல் கவிந்திருக்கிறது. மறுபக்கம் கைப்பிடிச் சுவர்கூட இல்லை. கீழே, வெகு கீழே, ஆறு. தராண்டா தேவியின் கோயில் வாயிலில் வண்டிகள் நின்று கும்பிட்டுவிட்டே போகின்றன. நாங்களும் நின்றோம். பகுத்தறிவு பேசும் ஆசிரியர் எல்லோருக்கும் முன்னதாக இறங்கினார். அந்த ஆற்று நீரில் ஒரு பங்கை மலைக்குள் 27 கிலோமீட்டர்ச் சுரங்கத்தில் திருப்பி, நாத்பா-ஜாக்ரி நிலையத்தில் 1,500 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறார்கள். அதே நீர்தான் பின்னர் பக்ரா அணைக்கும் வருகிறது.

ஞாயிறு மாலை கல்பா என்ற சிற்றூரை அடைந்தோம். பழைய பெயர் சீனி. உயரம் 2,960 மீட்டர். அறையின் கதவைத் திறந்தால், பள்ளத்தாக்கின் மறுகரையில் கின்னர் கைலாசம். பனி முகடுகளுக்கு நடுவே தனித்து நிற்கும் ஒரு பாறைத் தூணையே சிவலிங்கம் என்று அவ்வூரார் வணங்குகின்றனர். அன்று ஏகாதசி. நிலவு எழுந்ததும் அந்த முகடுகள் அனைத்தும் உள்ளிருந்து ஒளிர்வன போலாயின. நால்வரும் போர்வையைப் போர்த்திக்கொண்டு மாடத்தில் அமர்ந்திருந்தோம். ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. என்னைப் பொறுத்தவரை, புறப்பட்டதன் பயன் அந்த ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. அத்தோடு திரும்பியிருந்தால் இந்த உரைக்கும் வேலை இல்லை.

இவ்வூர்க்காரர்தான் சியாம் சரண் நேகி. பனிக்காலத்தில் வழிகள் அடைபட்டுவிடும் என்பதால், நாட்டின் முதல் பொதுத் தேர்தலில் இங்கே 1951 அக்டோபரிலேயே வாக்குப்பதிவு நடந்தது. பள்ளி ஆசிரியரான நேகி முதலாவதாகச் சென்று வாக்களித்தார். நாங்கள் சென்றபோது அவருக்கு நூறு வயது. தொந்தரவு செய்யலாகாது என்று வீட்டுப்பக்கம் போகவில்லை. 2022 நவம்பரில், தம் கடைசி வாக்கையும் அளித்த சில நாட்களில், அவர் மறைந்தார்.

திங்கள் காலை ஊர் திரும்ப வேண்டும். தேநீர்க் கடையில் அமர்ந்து, அங்கிருந்து தாபோ எவ்வளவு தூரம் என்று கேட்டவன் நானே. தாபோ ஸ்பிதிப் பள்ளத்தாக்கிலுள்ள மண்ணாற் கட்டிய பௌத்த மடம். 996-இல் நிறுவப் பெற்றது. இராசராசன் அரியணை ஏறிப் பதினோராண்டு. பெரிய கோயில் எழுந்து முடிய இன்னும் பதினான்கு ஆண்டு. நம்மவர் கல்லில் எழுப்பிக்கொண்டிருந்த காலத்தில், இமயத்தின் மறைவில் ஒருவர் மண்ணைக் குழைத்துச் சுவர் எழுப்பி ஓவியம் தீட்டியிருக்கிறார். அச்சுவர்கள் இன்றும் நிற்கின்றன. அதைப் பார்க்காமல் எப்படித் திரும்புவது? அலுவலகங்களுக்குச் செய்தி போயிற்று. பாஜி மட்டும், "உயரம் கூடும், உடம்புக்கு நாள் கொடுக்க வேண்டும்" என்றார். நான் சிரித்தேன். இளைஞருக்கு முந்தின நாளிலிருந்தே சளி. "தம்பி, உன்னால் முடியுமா?" என்று கேட்டோம். 24 வயதில் முடியாது என்று யார் சொல்வார்?

பொவாரியில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டோம். சில மணி நேரத்தில் மரங்கள் குறைந்தன, பிறகு அற்றுப்போயின. மழை மேகங்களை மலைகள் தெற்கிலேயே தடுத்துவிடுவதால் அதற்கப்பால் குளிர்ப் பாலை. குறிஞ்சியும் பாலையும் ஒரே பகலில் அடுத்தடுத்து வந்தன. வழியில் ஓர் ஊரின் பெயர் 'பூ'. பூக்கள் ஒன்றையும் காணோம். காப் என்னுமிடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் கலக்கிறது. பாலம் கடந்ததும் சாலை கொண்டை ஊசி வளைவுகளாக மேலேறுகிறது. அங்குள்ள ஊரின் பெயர் 'கா'. கா என்றால் சோலை. "ஒரு செடியும் இல்லாத இடத்தில் பூவும் காவும்!" என்று ஆசிரியர் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. இளைஞர் மட்டும் சிரிக்கவில்லை. அதை நாங்கள் கவனித்திருக்க வேண்டும்.

பிற்பகல் மூன்று மணிக்கு நாகோ. 3,660 மீட்டர். சிறு ஏரி, கரையில் வில்லோ மரங்கள், தலைக்கு மேல் 6,816 மீட்டர் உயர்ந்த ரியோ புர்கியில். ஒரு வீட்டில் இரண்டு அறைகள் கிடைத்தன. வீட்டுக்கார அம்மாள் சூடாகப் பருப்பும் சோறும் வைத்தார். இளைஞர் தலைவலி என்று படுத்துவிட்டார். மாலையில் இருமுறை வாந்தி. "வழிக் களைப்பு, உறங்கினால் சரியாகும்" என்றேன். இரவு ஒன்பது மணிக்குப் பாஜி அவரை எழுப்பி, அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி ஒட்டி நேராக நடக்கச் சொன்னார். நான்காம் அடியில் அவர் சுவரில் சாய்ந்தார். சாதாரணமான ஒரு கேள்விக்கு மறுமொழி சொல்ல நேரமாயிற்று. "இப்போதே இறக்க வேண்டும்" என்றார் பாஜி.

அன்பர்களே! இனி வருவதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆயினும் இதற்காகவே பேச ஒப்புக்கொண்டேன். "இரவில், அந்த வளைவுகளில் எப்படி இறங்குவது? காலை வரை பார்க்கலாம்" என்று வாதாடியவன் நான். இரவுப் பயணம் ஆபத்து என்பது உண்மை. ஆனால் என் வாதத்தின் அடியில் கிடந்தது அந்த உண்மை அன்று. காலையில் பையன் தேறிவிட்டால் தாபோ இன்னும் இரண்டு மணி நேரம் என்பதே கிடந்தது. ஆசிரியரும் என் பக்கம் பேசினார். பாஜி குரலை உயர்த்தவில்லை. "உன் தம்பியாக இருந்தால் என்ன செய்வாய்?" என்று மட்டும் கேட்டார். பெற்றோர் முன்னிலையில் சொல்கிறேன்: அக்கேள்விக்குப் பிறகும் அரை நிமிடம் நான் பேசாமல் நின்றேன்.

உயர நோயைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. பின்னர் தெரிந்துகொண்டதைச் சுருங்கச் சொல்கிறேன். 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் வரலாம். வயதும் வலிமையும் காப்பல்ல. தலைவலியும் குமட்டலும் தொடக்கம். நடை தள்ளாடினாலோ, அறிவு மயங்கினாலோ, ஓய்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினாலோ, மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கிறது என்று கொள்ள வேண்டும். சில மணி நேரத்தில் உயிர் போகக்கூடும். தலையாய மருத்துவம் கீழே இறங்குவதுதான். 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடலாகாது. நாங்கள் 700 மீட்டர் கூட்டியிருந்தோம். அதுவும் சண்டிகரின் 320 மீட்டரிலிருந்து புறப்பட்ட மூன்றாம் நாளே.

வீட்டுக்கார அம்மாளின் மகனிடம் ஆப்பிள் ஏற்றும் சிறு வண்டி இருந்தது. அம்மாள் எங்கள் சச்சரவின் மொழியை அறியார், பொருளை அறிந்துகொண்டார். நாங்கள் கேட்குமுன் மகனை எழுப்பிவிட்டார். முன்னிருக்கையில் இளைஞரை நடுவே அமர்த்தி நான் பிடித்துக்கொண்டேன். பத்து மணிக்குப் புறப்பட்டோம். அந்த ஓட்டுநருக்கு 20 வயதுக்கு மேல் இராது. ஒவ்வொரு வளைவிலும் விளக்கொளி வெறும் வெளியில் பாயும். பிறகு பாறை வந்து நிற்கும். அவர் இரண்டாம் கியரிலேயே இறங்கினார், நான் கவனித்தேன். இளைஞர் என் தோளில் சாய்ந்து, யாரோ உறவினரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய தாயாரின் தொலைபேசி எண்கூட என்னிடம் இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இருந்தாலும் அங்கே கைப்பேசிக்கு அலை எட்டவில்லை.

காப் பாலத்தை அடைந்தபோது 1,000 மீட்டருக்கு மேல் இறங்கியிருந்தோம். வண்டியை நிறுத்தினார்கள். கீழே இரண்டு ஆறுகளும் இருளில் இரைந்தன. "அண்ணா, தண்ணீர் இருக்கிறதா?" என்று ஒரு குரல் தெளிவாகக் கேட்டது. மதியத்துக்குப் பின் அவர் முறையாகப் பேசிய முதல் பேச்சு அது. ஓட்டுநர் தம் பாட்டிலைக் கொடுத்தார். அது முழுவதையும் குடித்துவிட்டு, "நாம் தாபோவுக்கா போகிறோம்?" என்று கேட்டார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்லெஜ் வருவது கைலை மலைப் பக்கத்திலிருந்து. கயிலை காணப் புறப்பட்ட அப்பரடிகள் கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்தும் போய்ச் சேரவில்லை. திரும்பு என்ற கட்டளையே கிடைத்தது. திருவையாற்றில் வந்து கண்டார் என்பது வரலாறு. அவருக்கும் அது எளிதாக இருந்திருக்காது என்று அன்றிரவு தோன்றிற்று.

'பூ'வில் உள்ள சுகாதார நிலையத்தில் மூச்சுக்காற்று வைத்தார்கள். விடிந்ததும் ரெக்காங் பியோ மருத்துவமனைக்குச் சென்றோம். அங்கே ஒரு நாள் இருத்தினார்கள். "காலை வரை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் மறுமொழி சொல்லாமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஓட்டுநர் டீசல் விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்க மறுத்தார். மறுநாள் ஆப்பிள் பெட்டிகளோடு எங்கள் இரு வண்டிகளையும் அவரே ஏற்றிவந்து இறக்கினார். பாஜியும் ஆசிரியரும் பின்னால் வந்தார்கள்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். திட்டமின்றிப் போவதில் ஓர் உயர்வு உண்டு. முன்பதிவு இல்லை, சேர வேண்டிய நாள் இல்லை, எந்த இடத்திலிருந்தும் திரும்பலாம். அந்த ஓர் உயர்வைத்தான் நான் நாகோவில் இழக்க இருந்தேன். திட்டமே இல்லாமல் புறப்பட்டவன், மூன்றாம் நாளில் தாபோ என்ற ஒரு திட்டத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு இறக்க மறுத்தேன். பெற்றோர்களுக்கும் ஒரு சொல். போக வேண்டாம் என்று தடுக்காதீர்கள். கல்பாவின் நிலவை உங்கள் பிள்ளைகள் பார்க்கட்டும். அங்கே இரண்டு இரவு தங்கிப் போகச் சொல்லுங்கள். கம்பளிச் சட்டையை வீட்டிலேயே எடுத்துக் கொடுங்கள். நார்கண்டாவில் விலை அதிகம். ஆறு பேரும் ஒருவர் வீட்டு எண்ணை மற்றவர் எழுதி வைத்துக்கொள்ளட்டும். பாஜி இப்போது நம் காலனியில் இல்லை; லூதியானாவில் மகனோடு இருக்கிறார். ஆறு பேரில் யார் பாஜி என்பதைப் புறப்படுமுன் அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

இளைஞர் ஆசிரியரோடு பேருந்தில் வந்தார். அவருடைய வண்டி ஓர் ஆப்பிள் லாரியில், பெட்டிகளின் நடுவே படுத்தபடி, சண்டிகர் வந்து சேர்ந்தது. ஒரு மாதம் வரை அதில் ஆப்பிள் மணந்தது. பாஜியும் நானும் வந்த வழியே இறங்கினோம். வியாழக்கிழமை இரவு, பௌர்ணமி நிலவில், வீட்டுப் படியேறினேன். என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. தோசை வார்த்து வைத்தாள். மாவு நன்றாகப் புளித்திருந்தது. நான் மூன்று தின்றேன்.